கயிற்றின் கீழே நின்றவர்

கேட்காமல் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால் ரங்கூன் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

எலோடி என்ற பிரெஞ்சு ஓவியரின் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் மாடிச் சன்னலில் ஒரு பெண். நெற்றியில் திருநீறு, கலைந்த தலை. குனிந்து ஒரு நீலக் கயிற்றை மேலே இழுக்கிறாள். கயிற்றின் கீழ்முனை படத்துக்குள் இல்லை. அவ்வளவுதான் படம், ஆனால் இணையத்தில் அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கைப்பேசி உறையிலும் தலையணை உறையிலும் டீ குடிக்கும் கோப்பையிலும் அந்தப் பெண் வந்துவிட்டாள். பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் மாடியிலிருந்து கயிறு விட்டு எதையாவது இழுத்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். திருச்சியில் என் அண்ணன் மகளும் மொட்டைமாடியிலிருந்து பால் பாக்கெட் ஒன்றை இழுத்தாள். அது பாதி வழியில் அறுந்து எங்கள் அண்ணியின் கோலத்தின்மேல் விழுந்தது.

கயிற்றில் என்ன வருகிறது என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஊகங்கள். காதல் கடிதம் என்றார்கள், பூனைக்குட்டி என்றார்கள். நம்பிக்கை வருகிறது என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். எனக்குச் சட்டென்று கோபம் வரும். நம்பிக்கையைக் கயிறு கட்டி இழுப்பார்களா என்று பதில் எழுதிவிட்டு அழித்துவிட்டேன்.

தோழி ஒருத்தியோடு சேர்ந்து சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். அண்டை வீட்டாரைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு இந்தப் படத்தை அட்டையில் போட ஆசைப்பட்டு எலோடிக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் தர வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் அனுமதி கேட்டதே இல்லை. கொரோனா காலத்தில் ரங்கூனில் மாட்டிக்கொண்டபோது எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து வரைந்தது. இதுவரை ஒருவரும் என்னிடம்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் படம் உங்களுடையது." கீழே ரங்கூனின் பபேடான் பகுதியில் ஒரு தெருவின் முகவரி. மூன்றாம் மாடி, நீலக் கயிறு.

"நீதானே கேட்டே, நீயே போ" என்றாள் தோழி.

மழைக்காலத்தில் போய் இறங்கினேன். டாக்சி ஓட்டியவர் செல்வம் என்ற தமிழர், முப்பது வயதிருக்கும். தமிழ் புரிகிறது, பேச வரும்போது பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுகிறார். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலதுபக்கம் ஓடுகின்றன, ஸ்டீயரிங்கும் பல வண்டிகளில் வலதுபக்கமே இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் எட்டிப் பார்த்து "வரலாம்" சொல்ல வேண்டும். வந்து அரைமணி நேரத்தில் எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்த ஊர் வேறு கிடையாது. வழியெல்லாம் ஆண்கள் லுங்கியில் போனார்கள். நம் ஊரில் லுங்கியோடு வங்கிக்குப் போனால் காவலாளி ஒரு மாதிரி பார்ப்பார். இங்கே மேலாளரே லுங்கியில்தான் வருவார் என்றார் செல்வம்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. "அக்கா, எஞ்சின்ல தண்ணி பூந்துடுச்சு. சித்த இருங்க, டீ குடிக்கலாம்" என்று பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போனார். உட்கார்ந்ததுமே மேசையில் ஒரு பிளாஸ்க். வெறும் பச்சைத் தேநீர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், காசு கிடையாது. எங்கள் ஊர் ஓட்டலில் இரண்டாம் முறை வெந்நீர் கேட்டால் பரிமாறுபவர் முகம் போகும் போக்கை நினைத்துக்கொண்டேன். சமோசாவை வெட்டிப்போட்டு, கோஸும் கொண்டைக்கடலையும் எலுமிச்சையும் சேர்த்துக் குழம்பு ஊற்றித் தந்தார்கள். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த மேசையில் இரண்டு பெண்கள், கன்னத்தில் சந்தனம்போலத் தனாக்கா பூசியிருந்தார்கள். ஒருத்தியின் கைப்பேசி உறையில் நம் நீலக் கயிற்றுப் பெண்! செல்வத்தை விசாரிக்கச் சொன்னேன். பேசிவிட்டு வந்தார். "அந்தப் படத்துல இருக்கிறது இந்தோனேசியாப் பொம்பளைன்னு சொல்லுதுங்க அக்கா." நாலு தெரு தள்ளி இருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் ராணுவ ஆட்சி நடக்கும் இந்தக் காலத்தில் இந்த ஊரில் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டுவது அவருக்கு நல்லது செய்வதாகாது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு டீ குடித்தேன்.

இரண்டாம் நாள் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ஒடுங்கிய உயரமான கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது. கீழ்முனையில் கொக்கியோ கிளிப்போ, மேல்முனையில் மணி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். செய்தித்தாள், காய்கறி, சாப்பாடு எல்லாம் அப்படித்தான் மேலே போகின்றன. எல்லாக் கயிறும் பக்கத்தில் பக்கத்தில் தொங்க, அதில் மூன்று நீலம். நான் ஒன்றை இழுத்தேன். சற்று நேரத்தில் ஒரு சாவி இறங்கி வந்தது. தெருக்கதவைத் திறந்து மேலே ஏறினால் அது இரண்டாம் மாடியில் ஒரு சீனக் குடும்பம். மாமியாரும் மருமகளும் யார் எவர் என்று கேட்கவில்லை, உட்காரவைத்து முலாம்பழம் வெட்டித் தந்தார்கள். சாப்பிட்டு முடித்தபிறகுதான் அடையாளமாக எலோடியின் படத்தைக் காட்டினேன். இருவரும் சிரித்துக்கொண்டே மேல்மாடியைக் கைகாட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் படத்தில் இருப்பவரைவிட மெலிந்திருந்தார். பெயர் சரசு. பர்மியப் பெயர் ஒன்றும் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய தாத்தா இங்கே துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர். தனியாக இருக்கிறார். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலிசெய்துவிட்டு பினாங்கில் மகளிடம் போகிறார். பாதிச் சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன.

"படம் தெரியும் தங்கச்சி. அண்ணன் மவன் சிங்கப்பூர்ல இருக்கான், அனுப்பினான். எல்லாரும் என்னப் பாத்து அழுவுறாங்களாம், எதுக்கு?"

நான் வந்த விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

"போடுறேன். அதுக்கு முன்னாடி அந்த வெள்ளக்காரப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும். கீழ நின்னது யாரு?"

பிறகு சொன்னார். கொரோனா பரவிய அந்த ஆடி மாதத்தில் கணவருக்கும் அவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல். கணவர் பிழைக்கவில்லை. "அவரக் கொண்டுட்டுப் போனாங்க. நான் கூடப் போவ முடியல. மறுநாள் காலைல மணி அடிக்குது. கயித்த இழுத்தா தூக்குவாளில கஞ்சி. சாவு வூட்ல அடுப்பு எரியாதுன்னு நம்ம சனங்கதான கொண்டாந்து குடுப்பாங்க? இந்தத் தெருவுல நம்ம சனம் மூணு வூடு. அதுல யாரோ குடுக்கிறாங்கன்னு நெனச்சேன். பதினோரு நாள் வந்துச்சு. காரியம் முடியிற கணக்குக்குச் சரியா இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அந்தக் கஞ்சி வரலன்னா நானும் அவரு பின்னாடியே போயிருப்பேன்."

"கைப்பக்குவத்தை வைத்து இன்னார் வீட்டுக் கஞ்சி என்று தெரியாதா அக்கா?"

"நாக்குல ருசியே இல்லயே, எப்படித் தெரியும்?"

"எட்டிப் பார்த்திருக்கலாமே?"

"ஐயோ, பாக்கக் கூடாது. முகங்காட்டாமக் குடுக்கிறவங்கள எட்டிப் பாத்தா அவுங்களுக்கு ஆனாடே."

ஆனாடே என்பது இந்த ஊர்ச் சொல். நம்மால் இன்னொருவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்ற கூச்சம். ஊர் முழுக்க அதில்தான் ஓடுகிறது. சரி, பிற்பாடாவது அந்த மூன்று வீட்டிலும் கேட்டிருக்கலாமே என்றேன். அதுவும் ஆனாடேதானாம். கேட்டு, அவர்கள் கொடுத்திருக்கவில்லை என்றால்? சாவு வீட்டுக்குக் கஞ்சி கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்று அவர்கள் மனம் நோகாதா? அதனால் மூன்று வீட்டுக்கும் பொங்கலுக்குப் பொங்கல் பானை நிறைய அனுப்பிக்கொண்டிருக்கிறார். வாங்கிக்கொள்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

அண்ணன் மகன் எலோடியின் படத்துக்குக் கீழேயே இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறான். "இது என் அத்தை. கீழே நின்றவர் யார் என்று சொல்ல முடியுமா?" அவனுக்கு நிறைய இதயங்கள் கிடைத்தன, பதில் கிடைக்கவில்லை. அதே இடத்தில் இது என் அத்தை என்று பிரேசிலிலிருந்து ஒருவரும் போலந்திலிருந்து இருவரும் எழுதியிருந்தார்கள். இத்தனை பேர் பார்த்த படத்தில் உண்மையான கேள்வி ஒன்றே ஒன்று, அது கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. எனக்கு எலோடிமேல் கோபமாக வந்தது.

"பினாங்கு போறதுக்குள்ள அவுங்களப் பாத்து ஒரு வார்த்த சொல்லிடணும் தங்கச்சி. சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றார் சரசு அக்கா. அதன்பிறகு அட்டைப்படம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விடுதிக்குப் போய், மின்சாரம் வரும்வரை காத்திருந்து, எலோடிக்குக் கொஞ்சம் சூடாகவே எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை, பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பஸ் ஏறினேன். இங்கே பஸ் எண்கள் பர்மிய எழுத்தில். எனக்குத் தெரிந்த வளையமும் கொக்கியும் வந்ததும் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஊரே முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் விடுதி அட்டையைக் காட்டினேன். அவர் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு, என்னோடு இறங்கி, சாலையைக் கடக்கவைத்து, சரியான பஸ் வரும்வரை கூடவே நின்று என்னை ஏற்றிவிட்டார். பிறகு அவர் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தார். அவருக்கு என்ன அவசர வேலை இருந்ததோ, கேட்க மொழி இல்லை. கும்பிட்டேன். அவர் பெயர்கூடத் தெரியாமல் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் சரசு அக்காவின் தவிப்பு எனக்கு உறைத்தது.

விடுதியில் எலோடியின் பதில் காத்திருந்தது, கூடவே ஓவியப் புத்தகத்தின் முழுப் பக்கமும். "அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை நான் பார்க்கவே இல்லை. இணையத்தில் போட ஓவியம் சதுரமாக இருக்க வேண்டும் என்பதால் கீழ்ப்பாதியை வெட்டினேன். பிறகு அந்தப் பாதியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இதை எங்கும் வெளியிட மாட்டேன், அவருக்கு மட்டும்." கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு சதுரத்துக்காக வெட்டியது தப்புத்தான், ஆனால் வெட்டிய பாதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாளே, அவள் நன்றாக இருக்கட்டும்.

கீழ்ப்பாதியில் நீலக் கயிறு தெருவரை இறங்குகிறது. முனையில் ஒரு தூக்கு. அதை மாட்டிவிட்டுக் கையெடுக்கும் ஓர் ஆள். உயரத்திலிருந்து வரைந்ததால் முகம் தெரியவில்லை. அகலமான மூங்கில் தொப்பி, தோளில் காவடிபோல ஒரு கம்பு, அதன் இரண்டு பக்கமும் பானைகள், ஒரு பானையைச் சுற்றிப் பச்சைக் கட்டம்போட்ட துணி.

சரசு அக்கா கைப்பேசியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். "நம்ம சனம் இல்லயே" என்றார் முதலில். பிறகு அந்தப் பச்சைத் துணியில் விரலை வைத்தார். "இது கஞ்சிக்காரம்மா! தெனம் இந்தத் தெருவுல கூவிக்கிட்டுப் போவும். கொரோனாவுக்கப்புறம் வரதில்ல. அதுக்கு என்னத் தெரியவே தெரியாதே!"

இரண்டாம் மாடி மாமியாருக்கு விவரம் தெரிந்திருந்தது. கஞ்சிக்காரர் பெயர் டோ ஓன், இப்போது பசுந்தாங் பகுதியில் சந்தையை ஒட்டிச் சிறு கடை போட்டிருக்கிறார். ஆக, மூன்று தமிழ் வீட்டாரும் தங்களுக்கு எதற்கு வருடா வருடம் இவ்வளவு பொங்கல் என்று கேட்க ஆனாடேப்பட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் சரசு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் நாள் காலை செல்வத்தின் வண்டியில் போனோம். சரசு அக்கா பட்டுப்புடவை கட்டி, ஒரு தட்டில் பழமும் பூவும் எடுத்து வந்திருந்தார். வழிநெடுக என்ன பேசுவது என்று முணுமுணுத்து ஒத்திகை பார்த்தார். கடை என்றால் ஒரு தார்ப்பாய், இரண்டு பானை, நாலைந்து குட்டி பிளாஸ்டிக் முக்காலிகள். டோ ஓன் ஐம்பது வயதுக்காரர், ஓயாமல் பேசுபவர். இருவரும் பேசியதைச் செல்வம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

படத்தைப் பார்த்ததும் டோ ஓன், "என் தொப்பி!" என்றார். யார் வரைந்தது, எத்தனை பேர் பார்த்தது என்று செல்வம் விளக்கினார். "முகம் தெரியவில்லை அல்லவா? அப்படியானால் சரி" என்று கஞ்சியைக் கிளறப் போய்விட்டார். சரசு அக்கா எழுந்து நின்று, அந்த மேல்சன்னலில் இருந்தது நான்தான் என்றார். தட்டை நீட்டினார்.

டோ ஓன் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒரு சங்கடம். "அக்கா, உங்களிடம் நான் பொய் சொல்லக் கூடாது. நான் கொண்டுவந்தது நாலாம் மாடி வாத்தியாருக்கு. அவருடையதும் நீலக் கயிறு. எனக்கு வாடிக்கைக்காரர். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. நான் கயிறு மாறி இழுத்துவிட்டேன்."

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. இத்தனை வருடம் மனதில் வைத்துக் கும்பிட்ட ஒன்று கயிறு மாறி வந்த கஞ்சியா? ஏன்தான் அந்த முழுப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அது முதல் ரெண்டு நாள்" என்றார் டோ ஓன். "மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று."

"எப்படி?"

"தூக்கு கழுவி வந்திருந்தது. அந்த வாத்தியார் ஒரு நாளும் கழுவியதில்லை. காய்ந்து ஒட்டிப்போய் வரும், திட்டிக்கொண்டே தேய்ப்பேன். இது பளபளவென்று இருந்தது. சரி, மேலே இருப்பது வேறு ஆள் என்று தெரிந்துகொண்டேன்."

"தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?" சரசு அக்கா தமிழில் கேட்டுவிட்டார். செல்வம் சொன்னபிறகு டோ ஓன் அகப்பையைக் கீழே வைத்தார்.

"தெரு முழுக்கக் காய்ச்சல். எழுந்து நிற்கவே முடியாத நேரத்தில் யாரோ பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி அனுப்புகிறார்கள். நாளைக் காலையிலும் அந்த ஆள் எழுந்து வந்து கயிற்றை இழுத்துப் பார்க்கும். காலியாக வந்தால் எப்படி? இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டேன். பன்னிரண்டாம் நாள் எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது. மகள்தான் பார்த்துக்கொண்டாள். படுத்துக்கொண்டு அந்தக் கயிற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

"மேலே யார் என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?" என்று நான் கேட்டேன்.

"எட்டிப் பார்த்தால் அவருக்கு ஆனாடே அல்லவா?" என்றார்.

சரசு அக்கா அழுதார். "எச்சிப் பாத்திரத்த எப்படித் தங்கச்சி அனுப்புறது? செவுத்தப் பிடிச்சுக்கிட்டுக் கழுவுவேன்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மேலே பார்க்காமல் ஒருத்தி, கீழே பார்க்காமல் ஒருத்தி. இருவரையும் பார்த்தவள் எதிர்ச் சன்னலில் இருந்த எலோடி மட்டும். உலகமெல்லாம் கொண்டாடியது பாதிப் படத்தைத்தான். அந்த மூன்று பேரும் இருக்கும் உலகத்தில் நானும் இருப்பதற்கு அந்த நிமிடம் அவ்வளவு நன்றியாக இருந்தது.

படிவத்தை சரசு அக்காவே எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தார். அட்டையில் முழுப் பக்கமும் வர வேண்டும், தொப்பியில் ஒரு நூல்கூட வெட்டக் கூடாது, பேர் எதுவும் போடக் கூடாது என்று மூன்று கட்டளை. டோ ஓன் படிவத்தின் ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, "உட்காருங்கள், ஆறிவிடும்" என்று எங்கள் முன்னால் கஞ்சி வைத்தார். இஞ்சி, வெங்காயத்தாள், மேலே வறுத்த பூண்டு.

சரசு அக்கா ஒரு வாய் வைத்தார். "இதான் ருசியா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டுக் கிண்ணத்தோடு பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து, பின்னாலிருந்த தொட்டியடிக்குப் போய்க் குந்தினார். நான் பதறிப்போய் டோ ஓனைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, குவளையில் மொண்டு மொண்டு, தேய்க்கும் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.